ஞானம்மாள் கிருமி

அருணகிரிக்கு முப்பத்திரண்டு பல்லும் கருங்கல் மாதிரி இருந்த காலத்தில்தான் அவன் பல் ஆஸ்பத்திரிக்கு வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் ஒரு குறையும் வரவில்லை. வலி வந்த பிறகும் அங்கேயே போனான் பாருங்கள், அதுதான் அவன் செய்த தப்பு.

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, மாமல்லபுரம் போகிற ரோட்டோரம் அவன் ஊர். நிலத்தில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மீதிக்கு யாரோ வேலி போட்டுவிட்டார்கள். அதனால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கி ஓட்டினான். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் செதுக்கி முடித்த பிள்ளையாரையும் புத்தரையும் வைக்கோல் சுற்றி ஏற்றிப்போய், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளின் வாசலில் தும்பிக்கை உடையாமல் இறக்குவான். வருஷத்தில் இரண்டொரு நாள் மட்டும் பிள்ளையாருக்கு லீவு விட்டுவிட்டு நோயாளி வேலைக்குப் போவான்.

நோயாளி வேலை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரியில் பாதியைத் தூர்த்த இடத்தில், அன்னை ஞானம்மாள் பல் மருத்துவக் கல்லூரி நிற்கிறது. அங்கே கண்ணாடிக் கதவு உண்டு, லிஃப்ட் உண்டு, உயிரோடு நடமாடுகிற தாளாளருக்கு வாசலில் வெண்கலச் சிலை உண்டு. மாணவர்களும் நிறைய உண்டு. நோயாளிதான் கிடையாது. டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வந்து, இத்தனை மாணவருக்கு இத்தனை வாய் இருக்கிறதா என்று பார்க்கிற நாளில் மட்டும் நோயாளி தேவைப்படும். அன்றைக்குக் கல்லூரியின் மக்கள் தொடர்பு அதிகாரி ரஞ்சித்குமார் சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் வேன் அனுப்புவான். 'பல்லு வேன்' என்று ஊரில் அதற்குப் பெயர்.

வேனிலேயே பாடம் நடக்கும். ரஞ்சித்குமார் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்பான்.

"டெல்லி சார் வந்து கேட்டா இன்னா சொல்லணும்?"

"ரொம்ப நல்லா பாக்குறாங்க சார். இப்ப வலியே இல்ல சார்" என்று வேன் முழுக்க ஒரே குரலில் சொல்லும்.

"கரெக்ட்டு. எவனாவது பிரியாணி எப்பன்னு கேட்டீங்க, அடுத்த தபா வேன்ல எடம் கெடையாது."

பிரியாணி எப்படியும் கிடைக்கும். கிளம்பும்போது, கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல, ஆளுக்கு ஒரு அட்டை காப்ஸ்யூலும் கொடுப்பார்கள். நோயாளி வெறுங்கையோடு போகக் கூடாது என்பது கல்லூரியின் கொள்கை. மருந்துக் கம்பெனிக்காரன் கொண்டுவந்து கொட்டியதைக் காலாவதி ஆவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்பது கொள்கைக்கு அடியில் இருந்த கொள்கை. அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. நோயே இல்லாதவனிடம் மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று எந்த டாக்டர்தான் சொல்வான்?

அருணகிரியின் பெண்டாட்டி பெயர் வேண்டா. அவள் அந்த அட்டைகளை ஒரு முறுக்கு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எதையும் வீணாக்க மாட்டாள். தும்மலுக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, காலில் முள் குத்தினால் இரண்டு. மறுநாள் தேவலை என்றால் மிச்சம் பத்திரமாக டப்பாவுக்குள் போய்விடும். கோழி தலையைத் தொங்கப் போட்டால் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து நொய்யில் கலந்து வைப்பாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தது.

இப்படி இருக்கும்போது, கேளம்பாக்கத்தில் ஒரு புத்தரை இறக்கி வைத்த கையோடு, அருணகிரிக்குக் கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் சுரீர் என்றது. வீட்டுக்கு வந்து டப்பாவிலிருந்து ஒன்று போட்டான். கேட்கவில்லை. இரண்டாகப் போட்டான். அட்டை காலியானது, அடுத்த அட்டையும் காலியானது. கன்னம் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது.

"பல்லு காலேஜுக்குப் போய் காட்டுய்யா" என்றாள் வேண்டா. "இத்தினி வருசமா அவுங்க கூப்ட்டப்பல்லாம் போய்கினுதான கீற? நீ கூப்ட்டா அவுங்க ஒரு தபா பாக்க மாட்டாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனான்.

வாசலில் காவலாளி ஸ்டான்லி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "இன்னா அண்ணாத்த, இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லியே?"

"எனக்கு பல்லு வலிக்குதுப்பா."

"அது மூஞ்சிலயே தெரியுது. ஆனா இன்னிக்கு யாரும் வரலியே, யார்கிட்ட சொல்லப் போற? இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வந்தீன்னா ரெண்டு வேலயும் ஒண்ணா முடிஞ்சிரும்."

அருணகிரி அவன் கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி உள்ளே போனான். கூடம் முழுக்க நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாகக் கிடந்தன. சீட்டுக் கொடுக்கிற பெண் கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கீழ் வரிசைல இடது பக்கமா? அந்தப் பல்லை ரெண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடியே எடுத்தாச்சே."

"இதோ கீதேம்மா. வலிக்குதே."

"கீதுன்னு நீங்க சொல்றீங்க. எடுத்த பல்லை மறுபடி எடுக்கறதுக்கு சீட்டு போட முடியாது. வேற பல்லு ஏதாவது வலிக்குதா?"

கணக்கில் இல்லாத பல் வலிக்கிற மனிதன் கூடத்தின் நடுவில் நின்றான். அதற்குள் மாடியிலிருந்து செய்தி பரவிவிட்டது. நிஜமாகவே வலியோடு ஒருவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு மாணவர்கள் படிக்கட்டில் ஓடிவந்தார்கள். இறுதியாண்டு மாணவி சிநேகா முதலில் வந்து சேர்ந்ததால் அவளுக்கு அவன் கிடைத்தான். அவனை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஈறை மெல்ல அழுத்தினாள். மஞ்சளாக வந்தது. படிக்க வந்த இத்தனை வருஷத்தில் அவள் கண்ணால் பார்த்த முதல் சீழ் அதுதான். பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

பல்லை எடுத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கம்ப்யூட்டர் சம்மதிக்கவில்லை. இன்னொரு அட்டை காப்ஸ்யூல் கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவன் வரவேண்டியிருக்கவில்லை. கல்லூரிக் காரே வீட்டு வாசலில் வந்து நின்றது.

முதல்வர் டாக்டர் ரவிச்சந்திரன் தன் அறையில் அவனுக்குத் தன் கையாலேயே நாற்காலியை நகர்த்திப் போட்டார். மேஜைமேல் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு. அதில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டையும் ஒட்டி உரசிக்கொண்டு கிருமி பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது.

"மிஸ்டர் அருணகிரி, உங்க வாய்ல இருக்கறது சாதாரணக் கிருமி இல்லை. நாங்க வச்ச எந்த மருந்துக்கும் சாகலை. இந்தக் கல்லூரி ஆரம்பிச்சதிலேருந்து நாங்க ஒண்ணுமே கண்டுபிடிக்கலைன்னு பேசினவங்க வாயை நீங்க அடைச்சுட்டீங்க." அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அந்தப் பல்ல புடுங்கிடுங்க சார்."

கடற்கரைக் கோயிலை இடிக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல முதல்வர் அவனைப் பார்த்தார். "என்ன பேசறீங்க? அது வாழற இடம் சார் அது."

அன்றிலிருந்து அவனுக்கு ஏ.சி. அறை. பல் தேய்க்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கூடாது, கிருமிக்குத் தொந்தரவு. மூன்று வேளையும் கேசரியும் ஜவ்வரிசிப் பாயசமும் வந்தன. அவனுக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. அவனுக்காக அது வரவுமில்லை.

கிருமிக்குப் பெயர் வைக்கிற விழாவும் நடந்தது. விஞ்ஞானிகள் வைக்கிற பெயர் என்னவோ இருக்கட்டும், கல்லூரி நிர்வாகக் குழு ஏகமனதாக 'ஞானம்மாள் கிருமி' என்று வைத்தது. செங்கல்பட்டு மேம்பாலத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். 'உலகமே திரும்பிப் பார்க்கும் கிருமி தந்த கல்வித்தாயே வருக' என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் கைகூப்பிய தாளாளர். மறுபக்கம் கொத்துக் கொத்தாகக் கிருமி, அதன் தலையில் கிரீடம். மூலையில் தபால்தலை அளவுக்கு அருணகிரியின் திறந்த வாய்.

தாளாளர் டாக்டர் ஞானம்மாள் மதுராந்தகம் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர். டாக்டர் பட்டத்தை ஏதோ ஒரு தீவிலிருந்து கூரியரில் வரவழைத்தவர். நெல்லில் உமி நீக்கியது போதும் என்று பல்லுக்கு வந்தார். ஒருநாள் பட்டுப்புடவையோடு நேரிலேயே வந்து அவன் கட்டிலருகே நின்றார்.

"வலிக்குதாப்பா?"

"ரொம்ப வலிக்குதும்மா. முழுங்க முடியல."

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் அது உள்ள நல்லா இருக்குதுன்னு அர்த்தம். மாபலிபுரத்துல பெரிய ரிசார்ட்டு எடுத்திருக்கேன். மாநாடு முடியட்டும், ஒனக்கு சால்வ போத்தி நானே எடுக்கச் சொல்றேன். டெல்லிக்காரரும் வர்றாரு. காலேஜுக்கு ஸ்டூடன்ட் சீட்டு கூட்டிக் குடுக்கற நேரம் இது. என் மானத்த நீதான் காப்பாத்தணும்."

ஒரு பெரிய மனுஷி தன் மானத்தை இப்படி ஒருவன் கடைவாயில் கொண்டுவந்து வைத்தால் அவன் என்ன செய்வான்? தலையை ஆட்டினான். தலையை ஆட்டியதிலும் வலித்தது.

மாநாட்டுக்கு முந்தின நாள் வேண்டா ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவனால் ஒரு விரல் நுழைகிற அளவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. வீக்கம் தாடையைத் தாண்டி இறங்கியிருந்தது. ரசம் உதட்டோரம் வழிந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவில் ரஞ்சித்குமாரை மறித்துக்கொண்டாள்.

"தோ பாரு நைனா, அந்தாளுக்கு மூஞ்சி பூசணிக்கா மாறி ஆயிகினு வருது. நீங்க பாயாசம் ஊத்திகினு கீறீங்க. புடுங்குறீங்களா, நான் இட்டுகினு போவட்டா?"

"யக்கா, பேஜாரு பண்ணாத. நாளைக்கு ஒரு நாளு. உங்க தெரு ஜனம் மொத்தத்துக்கும் நாளைக்கு வேன் சொல்லிகீறேன். ரிசார்ட்டு சாப்பாடுக்கா, எறா எல்லாம் கீது."

அவன் போனதும் சிநேகா வந்தாள். அவளும் அழுகிற முகத்தோடுதான் இருந்தாள்.

"அக்கா, வீக்கம் கழுத்துக்குள்ள எறங்கிட்டா மூச்சு அடைச்சுக்கும். பல்லை எடுத்து சீழை வெளிய விடணும். அவ்வளவுதான் வைத்தியம். நான் மூணு தடவை சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க."

"அப்ப நீயே புடுங்கேம்மா. நீயும் டாக்டருக்குத்தான படிக்கற?"

சிநேகா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இதுவரைக்கும் நெஜப் பல்லு ஒண்ணுகூட எடுத்ததில்லக்கா. பொம்மை வாய்லதான் எடுத்திருக்கேன்."

வேண்டா உள்ளே போய்ப் புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் வரவில்லை. "நாளிக்கிதான" என்று வாயைத் திறக்காமலே சொன்னான். "இத்தினி வருசம் அவுங்க சோத்த துன்னுகீறோம்." பிரியாணிக்கு இவ்வளவு விசுவாசம் இந்தப் பூமியில் வேறெங்கும் இருக்காது. அவளுக்கு வந்த கோபத்தில் அவனையே நாலு அறை விடலாம்போல் இருந்தது, கன்னம் இருந்த நிலையைப் பார்த்து விட்டுவிட்டாள்.

மறுநாள் கடலைப் பார்த்த ரிசார்ட்டில் மாநாடு. 'மருந்தை வீணாக்காதே மனிதா' என்பது மாநாட்டின் தலைப்பு. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சணல் பை கொடுத்தார்கள். அதில் ஒரு பேனா, ஒரு துண்டு, மாநாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட மருந்துக் கம்பெனியின் அன்பளிப்பாக இரண்டு அட்டை காப்ஸ்யூல். டாக்டர்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பின்வரிசைகள் காலியாகத் தெரியக் கூடாதென்று பல்லு வேனில் வந்த ஜனத்தை அங்கே நிரப்பியிருந்தார்கள். வேண்டா அவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

மேடை நடுவில் ஒரு பல் நாற்காலி, அதன்மேல் பட்டுத் துணி. டெல்லி ஆய்வாளர் துணியை இழுத்தார். கீழே அருணகிரி இருந்தான். கை தட்டினார்கள். அவனுக்குத் துணி விலகியதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

முதல்வர் ரவிச்சந்திரன் பேசினார். "இந்த மனிதரைப் பாருங்கள். நம் நாட்டுப் பாமர மக்களின் அறியாமைக்கு இவர் ஓர் உதாரணம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிறார்கள். பாதியில் நிறுத்துகிறார்கள். கோழிக்குக்கூடப் போடுகிறார்கள்! கிருமி பழகிவிடுகிறது. பிறகு டாக்டர் வைத்தியம் பார்க்கவில்லை என்று நம்மைக் குறை சொல்கிறார்கள்."

முன்வரிசைகள் அருணகிரியை வருத்தத்தோடு பார்த்துத் தலையசைத்தன. தான் வாழ்நாளில் ஒரு காப்ஸ்யூலைக்கூடக் கடையில் வாங்கியதில்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாய் திறக்கவில்லை.

அடுத்துத் தாளாளர் மைக்கைப் பிடித்தார். எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு மனசிலிருந்து பேசினார்.

"முதல்வர் ஏதேதோ சொன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். நாங்க இந்தக் காலேஜ் ஆரம்பிச்சப்ப இந்தச் சுத்து வட்டாரத்துல ஒருத்தன் வாயிலயும் இந்தக் கிருமி கெடையாது. ஒருத்தன் வாயிலயும்! அன்னிலேர்ந்து நாங்க ஒரு ஊர் விடல, ஒரு தெரு விடல. வேன் அனுப்பிக் கூட்டியாந்தோம். நோய் இருக்குதா இல்லியான்னு பாகுபாடு பாக்காம ஏழை எளியவங்களுக்கு மருந்த வாரி வாரிக் குடுத்தோம். அந்த உழைப்புக்குக் கெடச்ச பலன்தான் தோ ஒக்காந்திருக்குது. இன்னிக்கு ஒருத்தன் வாயில இருக்குது. நீங்க மட்டும் சீட்டு கூட்டிக் குடுங்க, இந்த மாவட்டத்துல வீட்டுக்கு வீடு கொண்டு போய் சேத்துக் காட்டறேன்!"

இடி இடித்த மாதிரி கைதட்டல். முதல்வர்கூடத் தட்டினார்.

பிறகு புகைப்படம். முதல்வர் ஒரு சின்னக் கண்ணாடியை அருணகிரியின் வாயிடுக்கில் நுழைத்து, சீழ் கட்டிய இடத்தைச் சுற்றி நன்றாகத் துழாவிக் காட்டினார். கேமராக்காரன், பொதுமக்களுக்கு முன்மாதிரியாக அம்மாவும் பல் காட்டுகிற மாதிரி ஒன்று எடுக்கலாம் என்றான். அம்மாவுக்கும் ஆசை. முதல்வர் கண்ணாடியைத் தன் வெள்ளைக் கோட்டில் ஒருதரம் துடைத்துக்கொண்டு, தாளாளரின் தங்க உறை போட்ட ஆடுகிற பல்லைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். படம் நன்றாக விழுந்தது.

கடைசியில் டெல்லி ஆய்வாளர் எழுந்தார். பல கல்லூரிகள் சுற்றியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. நாற்காலிக்கு அருகில் குனிந்து கேட்டார். "சொல்லுங்க, இங்க எப்படிப் பாக்கறாங்க?"

அருணகிரி அந்த முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவனைக் கேட்ட ஒரே மனிதர். சொல்லிவிடலாம், புடுங்கச் சொல்லு சாமி, மூச்சு முட்டுது என்று சொல்லிவிடலாம். திறந்த ஒரு விரல் இடைவெளியில் நாக்கைப் புரட்டினான். நாக்கு தனக்குப் பழகிய ஒன்றைத்தான் புரட்டியது.

"ரொம்ப நல்லா... பாக்குறாங்க சார்..."

அவன் தொடங்கியதுதான் தாமதம். பின்வரிசைகளில் இருந்த ஜனம் மொத்தமும் வேனில் படித்த பாடத்தை மறக்காமல் ஒரே குரலில் முடித்து வைத்தது.

"இப்ப வலியே இல்ல சார்!"

ஆய்வாளர் மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். மேடையில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அருணகிரியின் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்ததை வேண்டா மட்டும் கேட்டாள். அவன் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து, டாக்டர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, மேடைக்கு வந்தாள். ரஞ்சித்குமார் கையை விரித்து மறித்தான். "யக்கா, மேடைல ஏறக் கூடாது. பேட்ஜ் கீறவங்கதான்..."

"எட்டப் போடா!" அந்தக் குரல் மைக்கில் விழுந்து ரிசார்ட் முழுக்கக் கேட்டது. "கிருமிக்கு சால்வ போத்துங்கடா. எனக்கு என் புருசன் வோணும். டேய் வெங்கடேசா, இன்னாடா கத்திகினு ஒக்காந்துகீற, வந்து கால புடி!"

பின்வரிசையிலிருந்த பக்கத்து வீட்டு வெங்கடேசனுக்கும் தெரு ஜனத்துக்கும் அப்போதுதான் தாங்கள் எதைக் கத்தினோம் என்பது உறைத்தது. எல்லாரும் எழுந்தார்கள். நாலைந்து பேர் அவனைத் தூக்கிக்கொண்டு, இறால் தட்டுகளைத் தாண்டி வெளியே ஓடினார்கள். பல்லு வேன் டிரைவர் ஜெரோம் ஒன்றும் கேட்கவில்லை. வேனும் கல்லூரியுடையது, டீசலும் கல்லூரியுடையது. ஆனாலும் மூச்சு முட்டுகிறவனைப் பார்த்தால் அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை வேன் பறந்தது. அருணகிரி வேண்டாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். ஜன்னலில் தாளாளர் கைகூப்பிக் கைகூப்பிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஃப்ளெக்ஸின் மூலையிலும் அவன் வாய் 'ஆ' என்று திறந்திருந்தது. படத்தில் அவ்வளவு திறந்த வாயால் இப்போது ஒரு மூச்சுக் காற்றை இழுக்க முடியவில்லை. திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் வேண்டா கையெடுத்துக் கும்பிட்டாள். செத்துவிடுவானோ என்று அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவனைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். கழுத்தில் கீறி, சீழை வடித்து, குழாய் வைத்து, பல்லையும் பிடுங்கினார்கள். வெளியே வந்தவள் வேண்டாவிடம் டப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஊசி ஒண்ணு போட்டிருக்கேன்மா. இருக்கறதுல பெரிய மருந்து இதுதான். இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இது கேக்கணும்."

கேட்டது. மூன்று நாள் இழுபறியாகக் கிடந்துவிட்டு அவன் கண் திறந்தான். அதற்குள் ரஞ்சித்குமார் ஐஸ் பெட்டியும் கையுமாக இரண்டு தடவை வந்து, பல்லைக் கொடுங்கள், அது கல்லூரிச் சொத்து என்று கேட்டுப் பார்த்தான். அது மருத்துவக் கழிவோடு எரிக்கப் போய்விட்டது என்றார்கள். மஞ்சள் தொட்டியின் முன்னால் சற்றுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனானாம்.

ஒரு மாதம் போயிற்று. அருணகிரி கழுத்துத் தழும்பை மறைக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிள்ளையார்களை ஏற்ற ஆரம்பித்தான். கல்லூரிக்குச் சீட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகள் ஒரே குரலில் திருப்தி தெரிவித்ததுதான் முக்கியக் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். மாணவர்கள் கூடினால் வாயும் கூட வேண்டும். ஆகவே ஒருநாள் காலையில் பல்லு வேன் தெருவில் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் வேறு டிரைவர். ஜெரோமை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரஞ்சித்குமார் நேராக அருணகிரி வீட்டு வாசலுக்கே வந்தான். "மச்சான், பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத. இன்னிக்கு அடிஷனல் இன்ஸ்பெக்‌ஷன். நீ வந்தா தெருவே வரும். சும்மா வந்து ஒக்காரு, ஒரு பல்லயும் தொட மாட்டோம்."

"அதான் தெரியுமே" என்றான் அருணகிரி.

வேண்டா உள்ளேயிருந்து முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து ரஞ்சித்குமாரின் கையில் வைத்தாள். அவள் டப்பா மட்டுமல்ல. தெருவில் அத்தனை வீட்டு டப்பாவையும் அவள் அதில் கவிழ்த்திருந்தாள். மூடி மூடவில்லை.

"இதெல்லாம் உங்க காலேஜு குடுத்தது. நீயே எடுத்துகினு போ. எங்க கோழிகூட துன்ன மாட்டேங்குது."

அவன் டப்பாவை வைத்துக்கொண்டு நெளிந்தான். எப்போதும் இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வேனுக்கு முன்னால் போகிற தாளாளரின் காரை அன்றைக்குக் காணவில்லை. அருணகிரிக்குக் கோபத்தை மீறி ஒரு மரியாதை வந்து தொலைத்தது.

"எங்க, அம்மா வரலியா?"

ரஞ்சித்குமார் குரலைத் தாழ்த்தினான். "அம்மா மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில கீறாங்க. மாநாடு முடிஞ்ச மறுவாரமே கன்னம் இத்தாம் பெருசு வீங்கிச்சி. தங்கப் பல்லு போட்ட எடம். எந்த மருந்தும் கேக்க மாட்டேங்குதாம்."

"அய்யோ. மொதல்ல நம்ம காலேஜுல காட்டலியா?"

ரஞ்சித்குமார் அவனை நம்பமுடியாமல் பார்த்தான். வெயிலில் நின்று பைத்தியம் பிடித்துவிட்டதோ என்பதுபோலப் பார்த்தான்.

"நம்ம காலேஜுலயா? இன்னாய்யா பேசற நீ? அம்மாவுக்கு நெசமாவே வலிக்குதுய்யா!"